எண்ணிக்கையோடு இறகும் வேண்டும்

ஆசிரியருக்கு,

அருகிவந்த பறவையினம் ஒன்று ஐம்பதிலிருந்து ஐந்நூறாகப் பெருகியது என்று செய்தி வந்தால், இனம் தப்பிவிட்டது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அந்த ஐந்நூறும் நாலைந்து சோடிகளின் வாரிசுகளா என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிரெய்ரிக் கோழிகள் என்ற புல்வெளிப் பறவைகள் 1962இல் ஏறத்தாழ 2,000 இருந்தன. 1994இல் ஐம்பதுக்கும் கீழே. புல்வெளியைச் சீர்படுத்தியும் மீளவில்லை. இட்ட முட்டைகளில் கூமுட்டைகள் கூடிக்கொண்டே போயின. 1992 முதல் மினசோட்டா, கான்சஸ், நெப்ராஸ்கா மாநிலங்களிலிருந்து 271 கோழிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் குஞ்சு பொரிப்பது தேறியது. அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்திருந்த பழைய கோழிகளோடு ஒப்பிட்டதில், முன்பிருந்த மரபணு வகைகள் சில அடியோடு அழிந்துபோனது தெரிந்தது. நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்து இனம் நலிந்த இந்தக் கோளாறு, தலையை மட்டும் எண்ணியிருந்தால் பிடிபட்டிருக்காது.

ஆகவே கணக்கெடுப்புக்குப் போகும் குழு, டிஎன்ஏவைப் பார்ப்பதற்காக, உரிய அனுமதியோடு உதிர்ந்த இறகுகளையும் சேகரிக்க வேண்டும். (சில நாடுகளில் கீழே கிடக்கும் இறகை எடுப்பதே குற்றம்.) மென்மையான தூவியைவிடச் சிறகு, வால் இறகுகளே நல்லவை. டிஎன்ஏ இருப்பது காம்பின் அடிநுனியிலும், காம்பு முடிந்து இழைகள் தொடங்கும் இடத்தில் உட்புறமாக உறைந்திருக்கும் சிறு இரத்தக் கட்டியிலும். பலர் நுனியை மட்டும் வெட்டிக்கொண்டு இந்தக் கட்டியை எறிந்துவிடுகிறார்கள். பழைய இறகில் பெரும்பாலும் கைகொடுப்பது அதுதான். இடுக்கியால் எடுத்து, ஒவ்வோர் இறகையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு உலர வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கும், பூஞ்சை பிடிக்கும், டிஎன்ஏ சிதையும். நாள்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்த இறகைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

பறவையைப் பிடிக்க நேர்ந்தால் சிறகு நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் போதும். பறவைகளின் சிவப்பணுக்களில் டிஎன்ஏ அடங்கிய உட்கரு உண்டு; நம்முடையவற்றில் இல்லை. எத்தனாலில் போடும் குப்பிக்குப் பென்சிலால் எழுதிய சீட்டு வையுங்கள், பேனா மை கரைந்துவிடும்.

ஆய்வகத்தில்தான் பெரிய சறுக்கல். டிஎன்ஏ குறைவாக இருந்தால், ஒரு மரபணுவுக்குத் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக உள்ள இரண்டு வகைகளில் ஒன்று மட்டும் பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் முறை) பெருகக்கூடும். மற்றது தெரியாமலே போய்விடும். உடனே அந்தப் பறவை உறவுக்குள் கலந்து பிறந்ததுபோல் தோன்றும்; இல்லாத சீரழிவைத் தாளில் உண்டாக்கிவிடுவோம். பாலினம் பார்ப்பதிலும் இதே கதை. பறவைகளில் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் ஆணுக்கு இசட் இசட், பெண்ணுக்கு இசட் டபிள்யூ. டபிள்யூ துண்டு பெருகாவிட்டால் பெண் ஆணாகப் பதிவாகும். ஒரே வகை மட்டும் தெரிந்த மாதிரிகளை மூன்று முறையாவது திரும்ப ஓட்டிப் பார்க்காத முடிவுகளை ஏற்கக் கூடாது.

இன்னொன்று, ஒரே பறவை ஐந்து இறகுகளை உதிர்த்திருக்கலாம். அவற்றை ஐந்து பறவைகளாக எண்ணாமல் எந்த இறகு எந்தப் பறவையுடையது என்று முதலில் டிஎன்ஏவால் பிரித்தறிய வேண்டும். நெருங்கிய உறவுகள் நிறைந்த கூட்டத்தில் இதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் மரபணுக் குறியீடுகள் (ஒப்பிட்டுப் பார்க்கும் டிஎன்ஏ இடங்கள்) தேவைப்படும்.

இனி ‘எண்ணிக்கை உயர்வு’ என்ற செய்தி வரும்போது, எத்தனை தனிப் பறவைகளிலிருந்து மாதிரி எடுத்தார்கள், இட்ட முட்டைகளில் எத்தனை பொரித்தன என்ற இரண்டையும் உங்கள் நிருபர்கள் கேட்டு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
பறவை மரபியல் ஆய்வர் ஒருவர்