வேட்டங்குடிக்கு எப்போது வருகிறாய்?

காரைக்குடி,
மார்கழி 5

அன்புள்ள சொக்கு,

ஆடியில் வந்த உன் கடிதத்துக்கு மார்கழியில் பதில் எழுதுகிறேன். திட்டிக்கொள். ஆத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. படுக்கையில் இருந்தபடியே காலண்டர் தேதியைப் படிக்கிறாள். உன்னைக் கேட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன். திருப்பத்தூரைத் தாண்டி மேலூர் போகிற சாலைதான். அந்த வழியாக மதுரைக்கு எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்போம், ஒரு தடவையாவது இறங்கினோமா? 1977லேயே சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். நாம் எட்டாவது படித்த வருஷம்!

எல்லாம் சேர்த்து 38.4 ஹெக்டேர், அவ்வளவுதான். கருவேல மரங்கள் கண்மாய்த் தண்ணீருக்குள் நிற்கின்றன. கிளை தெரியாத அளவுக்குப் பறவை. வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம். நத்தைகுத்தி நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும், நத்தையைக் கவ்வி எடுப்பதற்கென்றே அமைந்த அலகு. "வாயை மூடச் சொல்லுங்க ஐயா" என்று பேரன் என்னை விடவே இல்லை. இருட்டுகிற நேரத்தில் மற்றதெல்லாம் வந்து அடைய, வக்கா என்கிற இராக்கொக்கு மட்டும் இரை தேடிக் கிளம்புகிறது. எச்ச நாற்றம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்தத் தண்ணீர் பாய்கிற வயலுக்குத் தனியாக உரம் வேண்டியதில்லை என்கிறார்கள்.

கண்மாயை ஒட்டியிருக்கிற கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, தெரியுமா? பல வருஷமாக இப்படித்தான். திருவிழாவுக்கும் வேட்டு கிடையாது. பிள்ளைகள் அடம்பிடிக்காதா என்று கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். பிள்ளைத்தாச்சி வந்து தங்கியிருக்கிற வீட்டு வாசலில் வேட்டுப் போடுவீர்களா என்று என்னைத் திருப்பிக் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை சொக்கு.

அன்றிலிருந்து மழையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கண்மாய் நிறையாத வருஷம் பறவை வராது. இந்த ஜனங்கள் பண்டிகையையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வானம் பொய்த்தால் வெறும் கருவேலங்காட்டை அல்லவா பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்? இந்த வருஷம் தண்ணீர் பரவாயில்லை. அடுத்த வருஷம் எப்படியோ. அதனால்தான் உன்னை அவசரப்படுத்துகிறேன்.

நீ வருஷா வருஷம் சென்னைச் சம்பந்திகளைக் கூட்டி வந்து, கானாடுகாத்தானில் வீட்டைக் காட்டி, ஆத்தங்குடிக் கல்லைத் தடவச் சொல்லி, கோழி வாங்கிக் கொடுத்து ரயில் ஏற்றிவிடுவாய். ஒரு தடவை என் பேச்சைக் கேள். தையில் வா. வழியில் திருக்கோஷ்டியூரையும் பார்த்துவிடுவோம். மந்திரம் கேட்க ராமாநுஜர் 18 தடவை நடந்த ஊர். நமக்கு ஒரு தடவை போக முடியாதா?

மாமனாருடைய பைனாகுலர் இருந்தால் எடுத்து வா. அந்த மஞ்சள் சட்டை மட்டும் வேண்டாம். இங்கே கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் நடந்ததே போதும்.

உன்,
நாச்சி