அக்காவுக்கு, ஏழு வருடம் கழித்து

அக்கா,

நேற்றோடு ஏழு வருடம் முடிந்தது. எதற்கு என்று உனக்குத் தெரியும், எடை குறைக்க என் வயிற்றைச் சின்னதாக்கிக் குடலோடு இணைத்த அந்த பைபாஸ் ஆபரேஷனுக்கு. இதை நாலு பேர் படிப்பார்கள், அதனால் நாலு வருடத்துக்கு முன் உன் வீட்டில் நடந்த அந்த விருந்தில் மற்றவர்கள் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. நீ சொன்னதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

ஒரே ஒரு துண்டு இனிப்பு. நீயே செய்து நீயே நீட்டினாய், வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, முதுகெல்லாம் வியர்த்து, உள்ளறையில் போய்ச் சுருண்டுவிட்டேன். பைபாஸ் செய்த வயிற்றில் சர்க்கரை நிற்காமல் சட்டென்று குடலுக்கு இறங்கிவிடும், டம்பிங் என்பார்கள். உனக்கு எப்படித் தெரியும், நான்தான் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லையே. நீ கதவருகே நின்று, "வயித்தைச் சின்னதாக்கியும் வாயைக் கட்ட முடியலையா?" என்றாய். இருட்டில் உன் முகம் தெரியவில்லை. நான் தூங்குவது போல் கிடந்தேன்.

ஆபரேஷனைப் பற்றி அது முடிந்த பிறகு சொன்னது என் தப்புதான், மன்னித்துவிடு. ஆனால் முன்னாலேயே சொல்லியிருந்தால் விட்டிருப்பாயா? நடந்தால் போதும், குறைத்துச் சாப்பிட்டால் போதும் என்று பத்து வருடம் நீ சொல்லக் கேட்டவள் நான்.

குறுக்கு வழி என்றாயே. சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விட வேண்டும், அதற்கு போனில் அலாரம். பி12 ஊசி, வருடா வருடம் ரத்தப் பரிசோதனை, இதெல்லாம் உயிர் உள்ளவரை. மூட்டு வலித்தால்கூட ஐபுப்ரோஃபென் போடக் கூடாது, குடலை இணைத்த இடத்தில் புண் வரலாம். இவ்வளவுக்கும் பிறகு, குறைந்த 43 கிலோவில் 9 கிலோ திரும்பி வந்துவிட்டது. போன தடவை பார்த்தபோது உன் கண் என் இடுப்புக்குப் போனதைக் கவனித்தேன்.

மூன்றாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோது, சீப்பில் இருந்ததை எனக்குக் காட்டாமல் சுருட்டி எறிந்தவளும் நீதான். அதனால்தான் வேறு யார் சொன்னதும் இவ்வளவு வலிக்கவில்லை.

நாலு வருடமாக உன் வீட்டில் கை நனைக்கவில்லை. சரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நான் மென்று முடிக்க அரை மணி நேரம் ஆகும், எல்லோரும் கை கழுவிவிட்டுப் போன பிறகும் தட்டோடு உட்கார்ந்திருப்பேன். நீ எதிரில் உட்காரு. தட்டைப் பார்க்காதே. ஏதாவது பேசிக்கொண்டிரு.