கணித மன்றம், காரைக்குடி: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இந்த ஆண்டு முழுவதையும் கணிதப் பேராசிரியர் சி. எஸ். சேஷாத்ரி அவர்களின் நினைவுக்கென ஒதுக்கினோம். ஒருவரைப் பற்றியே ஓராண்டு பேச முடியுமா என்று அன்று சிலர் கேட்டார்கள். ஆண்டு முடிந்துவிட்டது, பேசியது போதவில்லை என்பதே என் எண்ணம்.

1932இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் படித்தபோது, பிரான்சிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட பாதிரியார் ரசீன் அவருக்குப் புதிய கணிதத்தின் வாசலைக் காட்டினார். 1953இல் சேஷாத்ரியும் நண்பர் எம். எஸ். நரசிம்மனும் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார்கள். வடிவியலில் ஒன்று, குலங்கள் (groups) எனும் கணித அமைப்புகளின் இயற்கணிதத்தில் ஒன்று என்று தனித்தனியே நின்ற இரண்டு பொருள்கள் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்துவதை 1965இல் இருவரும் நிறுவினார்கள். அந்தத் தேற்றம் இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. பிறகு லட்சுமிபாய், முசிலி போன்ற தம் மாணவர்களோடு சேர்ந்து அவர் வளர்த்தெடுத்த கோட்பாடு, உலகெங்கும் இயற்கணித ஆய்வாளர்கள் கையாளும் கருவியாக நிலைத்தது.

இவ்வளவு செய்தவர் அதோடு ஓய்ந்திருக்கலாம். 1984இல் சென்னைக்கு வந்தார். 1989இல், ஐம்பத்தேழு வயதில், ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் ஒரு சிறு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். இன்று சென்னையை அடுத்த சிறுசேரியில் நிற்கும் சென்னை கணிதவியல் கழகம் அந்த விதையில் முளைத்ததுதான். 1998இல் இளநிலைப் படிப்பைத் தொடங்கியபோது பட்டம் வழங்கும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை. மத்தியப் பிரதேசப் பல்கலைக்கழகம் ஒன்றின் வழியாகப் பட்டம் பெற்றுத் தந்தார்கள். அனுமதி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கவில்லை. ஆராய்ச்சி செய்பவரே பதினேழு வயதுப் பிள்ளைக்கும் பாடம் சொல்ல வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். என்னைக் கேட்டால், அவருடைய தேற்றங்களுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய செயல் இது.

ஐப்பசி மாத வகுப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். வழக்கமாக எங்களுக்குக் கிடைத்துவந்த பள்ளி அரங்கு தேர்வைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டதால், உறுப்பினர் ஒருவர் தம் வீட்டு முகப்பைத் திறந்துவிட்டார். வெளியே நல்ல மழை. பாடம், கணிதத்தில் குலம் என்றால் என்ன என்பது. ஒரு பொருளை அதன் இடத்திலேயே மீண்டும் பொருந்தச் செய்யும் அசைவுகளின் தொகுப்பு அதற்கு எளிய எடுத்துக்காட்டு. ஆசிரியர் தரையில் பதிக்கும் பூ வேலைப்பாட்டு ஆத்தங்குடிக் கல் ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். சதுரக் கல்லை அதன் இடத்திலிருந்து எடுத்து, அதே இடத்தில் பொருந்துமாறு எத்தனை விதமாக வைக்கலாம்? சுழற்றிச் சுழற்றி வைத்துப் பார்த்த பிள்ளைகள் நான்கு என்றார்கள். எட்டு என்றார் ஆசிரியர். கவிழ்த்தும் வைக்கலாம் அல்லவா? பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "கவிழ்த்தால் சிமெண்டு தெரியுமே, ஐயா" என்றாள். கடைசி வரிசையில் இருந்த கல் வார்க்கும் பெரியவர் அப்போது பேசினார். "நாங்கள் கண்ணாடி மேல் வண்ணத்தை ஊற்றும்போது பின்பக்கமிருந்துதான் பார்க்கிறோம், அம்மா. கண்ணாடியைப் பிரித்தால் இடப்பக்கத்துப் பூ வலப்பக்கம் இருக்கும்." அப்படியானால் மீதி நான்கும் கல் பிறக்கும் இடத்திலேயே இருக்கின்றன என்று அந்தப் பெண் சொன்னபோது, ஆசிரியர் சுண்ணக்கட்டியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். எட்டையும் அவள்தான் பலகையில் எழுதினாள். அதன் பிறகு அவள் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை.

கார்த்திகை, மார்கழி வகுப்புகள் வழக்கம்போல் நடந்தன. நூலகத்துக்குப் புதிய அலமாரி வாங்கினோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

கணித ஆய்வுக்குக் கொடுத்த கை நம் ஊருக்கும் உண்டு. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பர் 1950இல் சென்னையில் ராமானுஜன் கணித நிறுவனத்தைத் தொடங்கி, டி. விஜயராகவனை அதன் இயக்குநராக அமர்த்தினார். கட்டடத்துக்கும் காசுக்கும் செட்டிநாடு என்றும் குறை வைத்ததில்லை. இப்போது வேண்டியது வாரம் தவறாமல் வந்து பிள்ளைகள் பக்கத்தில் உட்காரும் ஆள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களை, குறிப்பாகக் கல்லூரியில் இயற்கணிதம் நடத்தியவர்களை, இந்த அவையிலேயே கேட்கிறேன்: மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளை எங்களுக்குத் தாருங்கள்.

சேஷாத்ரி அவர்கள் மறைந்தது 2020 ஜூலை 17. வரும் ஜூலையில் அந்த நாளையொட்டி மாணவர்களைச் சிறுசேரிக்கு அழைத்துச் செல்லச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. காலைப் பல்லவன் ரயிலில் புறப்படுகிறோம். பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும். ஐப்பசியில் எட்டையும் எழுதிய அந்தப் பெண்ணின் பெயரை முதலில் எழுதிவைத்திருக்கிறேன்.

இவண்,
செயலாளர்