காரோ யெப்ரெமியனால மயாமி தோக்கல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை விளையாட்டுப் பக்கத்துல சூப்பர் பவுல் (அமெரிக்கன் ஃபுட்பாலோட ஃபைனல்) சொதப்பல்கள்னு ஒரு துணுக்கு போட்டிருந்தீங்க, அதுல காரோ யெப்ரெமியன்னு ஒருத்தர் பந்தை கோட்டை விட்டதால மயாமி டால்பின்ஸ் தோத்துப்போச்சுன்னு இருக்கு. தோக்கல சார். 14-7ன்னு ஜெயிச்சாங்க. அந்த சீசன்ல ஆடுன 17 மேட்ச்சையும் ஜெயிச்ச டீம் அது, அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்-ல அப்படி ஒரு மேட்ச் கூட விடாம கப் அடிச்சவங்க இன்னிக்கு வரைக்கும் வேற யாரும் இல்ல.

சரி ஸ்கோரை திருத்திடுவீங்க, ஆனா அந்த மனுஷனை ரெண்டு வரியில கோமாளி ஆக்குனதுதான் எனக்கு பொறுக்கல.

1944-ல சைப்ரஸ்ல லார்னகாங்கற ஊர்ல பிறந்த ஆர்மீனியர் அவர். குடும்பம் லண்டனுக்கு வந்துச்சு, அண்ணன் சாக்கர் (நம்ம ஊர் ஃபுட்பால்) ஸ்காலர்ஷிப்ல அமெரிக்கா போய் படிச்சார், தம்பியையும் வரச்சொன்னார். காலேஜ் டீம்ல சேர முடியல, ஏன்னா இங்கிலாந்துல காசு வாங்கி சாக்கர் ஆடினவர்னு தடை. அதனால நேரா என்எஃப்எல், 1966-ல டெட்ராய்ட் லயன்ஸ் டீம்ல பந்தை உதைக்கற கிக்கர். அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச்னு அவர் வாழ்க்கையில முதல்ல பார்த்ததே அவர் ஆடுன மேட்ச்தானாம்! அதே வருஷம் நவம்பர்ல மினசோட்டாவுக்கு எதிரா ஒரே மேட்ச்ல ஆறு ஃபீல்டு கோல் (பந்தை ரெண்டு கம்பத்துக்கு நடுவுல உதைச்சா மூணு பாயின்ட்), அப்போ அது ரெக்கார்டு, டெட்ராய்ட் 32-31-ன்னு ஜெயிச்சது. எதிர் டீம் கோச் கடுப்புல இந்த நாட்டோட குடியேற்ற சட்டத்தையே மாத்தணும்னு சொன்னதா ஒரு கதை உண்டு. அதுவரைக்கும் பெரும்பாலும் கட்டைவிரல் நுனியால நேரா உதைக்கறதுதான் பழக்கம், பக்கவாட்டுல ஓடிவந்து பாதத்தோட உள்பக்கத்தால உதைக்கறதை ஹங்கேரியில இருந்து வந்த பீட் கோகோலாக் 1964-ல கொண்டுவந்தார், அப்புறம் காரோ, நார்வேயில இருந்து யான் ஸ்டெனருட்னு வரிசையா வந்தாங்க. இன்னிக்கு எல்லாரும் அப்படித்தான் உதைக்கறாங்க, ஆனா அன்னிக்கு இவங்களை பேச்சு வழக்கை வச்சு, உயரத்தை வச்சு கிண்டல் பண்ணாத ஆள் இல்ல.

1971 கிறிஸ்துமஸ் அன்னிக்கு மயாமிக்கும் கேன்சஸ் சிட்டிக்கும் நடந்த பிளேஆஃப் (தோத்தா வெளியேறணும்ங்கற நாக்-அவுட் மேட்ச்) 82 நிமிஷத்துக்கு மேல போச்சு, என்எஃப்எல்-ல அதைவிட நீளமான மேட்ச் கிடையாது. எதிர்பக்கம் உதைக்க நின்னது அந்த ஸ்டெனருட், கடைசி நிமிஷத்துல அவர் விட்டுட்டார், ரெண்டாவது ஓவர்டைம்ல 37 கெஜத்துல இருந்து உதைச்சு காரோ முடிச்சார். உங்க துணுக்குல இது எங்க சார்?

இப்போ அந்த சொதப்பலுக்கு வரேன். 1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலஸ், 14-0 மயாமி முன்னாடி, ரெண்டு நிமிஷம் சொச்சம் பாக்கி. காரோ உதைச்சதை எதிர் டீமான வாஷிங்டன் ஆள் தடுத்துட்டார், பந்து திரும்பி காரோகிட்டயே வந்துச்சு. அது மேல விழுந்து படுத்திருந்தா போதும். இவர் எடுத்து பாஸ் போடப் போனார், பந்து கையில இருந்து விலாங்கு மீனாட்டம் வழுக்கிடுச்சு, தட்டிவிட்டார், வாஷிங்டனோட மைக் பாஸ்ங்கற ஆட்டக்காரர் அதைப் பிடிச்சு 49 கெஜம் ஓடி டச்டவுன் (பந்தோட எல்லைக்கோட்டைத் தாண்டறது). தப்புதான், யாரும் இல்லன்னு சொல்லல. மனசு உடைஞ்சு இருந்தவருக்கு கோச் டான் ஷூலா பேர்ல தைரியம் சொல்லி ஒரு லெட்டர் வந்துச்சு, பல வருஷம் கழிச்சு நன்றி சொன்னப்போதான் தெரிஞ்சது, அதை எழுதுனது ஷூலா இல்ல, அவர் மனைவி டோரதி.

ஒரு வருஷம் கழிச்சு 1974 ஜனவரி புரோ பவுல்ல (சிறந்த ஆட்டக்காரங்களை ரெண்டு டீமா பிரிச்சு நடத்தற மேட்ச்) அவர் டீம் 15-13-ன்னு ஜெயிச்சது. அந்த 15 பாயின்ட்டும் இவர் கால்ல இருந்து வந்தது, அஞ்சு ஃபீல்டு கோல், ஆட்டநாயகனும் இவரே. எழுபதுகளோட சிறந்த டீம்னு பின்னாடி தேர்ந்தெடுத்தப்போ அதுலயும் பேர் இருந்துச்சு. அந்த சொதப்பலை மேடையில தானே சொல்லி சிரிக்க வச்சு பேச்சாளராவும் சம்பாதிச்சார், 2015 மே மாசம் 70 வயசுல காலமானார்.

திருத்தம் போடறப்போ 14-7ஐ மட்டும் போட்டு விட்டுடாதீங்க, அந்த 15 பாயின்ட்டுக்கும் ஒரு வரி இடம் கொடுங்க.

இப்படிக்கு,
பல வருஷமா உங்க பேப்பரை கடைசி பக்கத்துல இருந்து படிக்கற ஒரு வாசகர்
தாம்பரம்