பழைய கீபோர்டையும் மவுஸையும் என் கணினியோடு பேச வைத்தவர்களுக்கு

வணக்கம்.

போன சனிக்கிழமை இரவு, இசட்80 என்ற பழைய செயலியை வைத்து நானே கட்டிய கணினியில் ‘ஏ’ விசையை அழுத்தினேன். திரையில் ‘ஏ’ வந்தது. ஏழு வாரமாகக் காத்திருந்த எழுத்து அது. உங்கள் கை படாமல் அது வந்திருக்காது. அதை எல்லோருக்கும் தெரியும்படி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, மூன்று கீபோர்டுகளைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்த ஐயாவுக்கு. பழுது பார்க்கும் தொழிலை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் ஒவ்வொன்றும் எந்த வகை என்று நினைவாகச் சொன்னீர்கள். 1984இல் வந்த ஏடி வகையும், 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 வகையும் பேசுவது ஒரே மொழி, பிளக் மட்டும்தான் வேறு. அதற்கு முந்தைய எக்ஸ்டி கீபோர்டில் ஏடியைப் போலவே ஐந்து பின் பிளக் இருக்கும், ஆனால் அதன் பேச்சு வேறு. இதை முதல் நாளே நீங்கள் சொல்லியிராவிட்டால், ஒரு கோளாறும் இல்லாத கீபோர்டைக் கெட்டுப்போனது என்று ஒதுக்கி வைத்திருப்பேன்.

அடுத்து, மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்த அண்ணனுக்கு. ஒவ்வொரு பிட்டையும் எப்போது படிக்க வேண்டும் என்று காட்டும் கிளாக் துடிப்பைக் கணினிதான் தர வேண்டும் என்று எண்ணி இரண்டு வாரத்தைக் கழித்திருந்தேன். “கிளாக் கீபோர்டோடது தம்பி. அது பேசும்போது நீ கேட்டுக்கணும், அவ்வளவுதான்” என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நிரலைப் புதிதாக எழுதினேன். ஒரு விசைக்குறி, அதாவது எந்த விசை என்று சொல்லும் எண், பதினொரு பிட்டாக வருகிறது: தொடக்கத்துக்கு ஒன்று, தரவுக்கு எட்டு, பிழையைக் காட்டிக்கொடுக்கும் பாரிட்டிக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. கிளாக் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிட்டைப் படிக்க வேண்டும்.

அப்படியும் பத்து எழுத்துக்கு இரண்டு தவறாக வந்தது. நீங்கள் அலுக்கவில்லை. திரையில் அலையைப் பெரிதாக்கிக் காட்டினீர்கள். செங்குத்தாக ஏற வேண்டிய கோடு சாய்வாக, சோம்பலாக ஏறிக்கொண்டிருந்தது. கிளாக், டேட்டா இரண்டு கம்பிகளையும் கீபோர்டு கீழே இழுக்கத்தான் செய்யும். மேலே ஏற்றுவது மின்தடையின் வேலை. கீபோர்டைப் படிக்க வைத்திருந்த சிறு சிப்பான மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் மின்தடையை நான் நம்பியிருந்தேன். அந்த நீளமான சுருள் கேபிளுக்கு அது போதவில்லை. 4.7 கிலோ ஓம் மின்தடை இரண்டை 5 வோல்ட்டுக்கு இணைத்ததும் கோடு நிமிர்ந்தது, பிழைகள் நின்றன. அன்று உங்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சி என்னுடையதை விடக் குறைவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

மவுஸுக்காக மூன்று மாலை போனில் கூடவே இருந்த தோழிக்கும் நன்றி. மின்சாரம் கொடுத்ததும் மவுஸ் (பதினாறடிமான எண்ணில்) ‘ஏஏ’, ‘00’ என்று இரண்டு பைட் அனுப்பிவிட்டு அமைதியாகிவிட்டது. எவ்வளவு நகர்த்தினாலும் ஒன்றும் வரவில்லை. “கீபோர்டு தானாகப் பேசும். மவுஸை நாம்தான் பேசச் சொல்ல வேண்டும், எஃப்4 அனுப்புங்கள்” என்றீர்கள். அதை அனுப்ப, கிளாக் கம்பியை 100 மைக்ரோ விநாடியாவது கீழே பிடித்து, பிறகு டேட்டாவைக் கீழே இழுத்து, கிளாக்கை விட வேண்டும். அந்த வரிசை எனக்குப் பிடிபட ஒரு மாலை முழுக்கப் போனது. அப்புறம் சுட்டிக்குறி திடீர் திடீரென்று தாவியபோதும், மூன்று பைட் தொகுப்பின் முதல் பைட்டில், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் மூன்றாம் பிட் எப்போதும் 1 என்று நினைவூட்டியது நீங்கள்தான். அதைச் சரிபார்த்து, தொகுப்பு எங்கே தொடங்குகிறது என்று இப்போது என் நிரல் தானே கண்டுகொள்கிறது.

என் தங்கையை விட முடியாது. நான் ஒரு விரலால் மெதுவாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, நீ வந்து வேகமாகத் தட்டினாய். எழுத்துகள் விழுந்துபோவது அப்போதுதான் தெரிந்தது. வரும் எழுத்துகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் பதினாறு பைட் இடையகம் ஒன்று சேர்த்தபின் ஒன்றும் விழவில்லை. பாஸ் (Pause) விசையை அழுத்திப் பார்த்ததும் நீதான். அது ஒன்று மட்டும் எட்டு பைட்டை ஒரேயடியாக அனுப்பும், விரலை எடுக்கும்போது எதுவும் அனுப்பாது. அதற்கென்று தனியாகவே நிரல் எழுத வேண்டியிருந்தது.

பிளக்குகளைச் சால்டர் செய்து கொடுத்தவருக்கும், பழைய கேபிள்களைத் தேடி எடுத்துத் தந்தவர்களுக்கும் என் நன்றி.

ஐயா, உங்கள் எக்ஸ்டி கீபோர்டு என் மேசையில்தான் இருக்கிறது. பாரிட்டி இல்லாத, வேறு விசைக்குறிகள் கொண்ட அந்த மொழிக்கான நிரல் பாதி முடிந்துவிட்டது. வரும் சனிக்கிழமை அண்ணன் ஆசிலாஸ்கோப்போடு வருகிறார். நீங்களும் வாருங்கள், முதல் விசையை நீங்கள்தான் அழுத்த வேண்டும்.

அன்புடனும் நன்றியுடனும்.