பதில் வந்துவிட்டது, புகார் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரிய ஹோட்டல்களின் இன்ஸ்டாகிராம், பேஸ்புக், கூகுள் ரிவ்யூ எல்லாவற்றையும் இனி ஏஐ ஏஜென்ட்டுகளே, அதாவது ஆள் இல்லாமல் தானாக வேலை செய்யும் கம்ப்யூட்டர் புரோகிராம்களே, பார்த்துக்கொள்ளும் என்று போன இதழில் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தீர்கள். போட்டோ எடுக்க ஆள் வேண்டாம், எழுத ஆள் வேண்டாம், ஜனங்களுக்குப் பசிக்கிற நேரம் பார்த்து அதுவே பிரியாணிப் படத்தை ஏற்றும், ஓடாத விளம்பரத்தின் பணத்தை எடுத்து ஓடுகிற விளம்பரத்தில் போடும். சரி, அவர்கள் கடை, அவர்கள் காசு, நமக்கென்ன. ஆனால் நடுவில் ஒரு வரி, வாடிக்கையாளர் புகார்கள் இப்போதெல்லாம் நொடிகளில் தீர்ந்துவிடுகின்றன என்று. அதை எழுதியவரும் திருத்தியவரும் வெளியில் சாப்பிடுகிற பழக்கம் உள்ளவர்கள்தானா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

நொடியில் பதில் வருவது உண்மை. எனக்கும் வந்தது. வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு காரில் மதுரைக்குப் போகும்போது, நெடுஞ்சாலையோரம் நல்ல பெயர் உள்ள ஒரு சைவ ஹோட்டலின் கிளையில் சாப்பிட்டோம். சாம்பார் ஊசிப்போயிருந்தது. சப்ளையர் பையனிடம் சொன்னால் முழிக்கிறான், தமிழ் தெரியாத ஊரிலிருந்து பிழைக்க வந்தவன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கல்லாவில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஆன்லைன்ல போடுங்க மேடம், ஹெட் ஆபீஸ்ல பாப்பாங்க" என்றார். போட்டேன். கார் கிளம்புவதற்குள் பதில்: எங்கள் சாம்பாரின் மீதான உங்கள் அன்புக்கு நன்றி, அடுத்த முறை நெய்ப் பொடி தோசையையும் ருசித்துப் பாருங்கள் என்று, இரண்டு இதயமும் ஒரு கைகூப்பும் சேர்த்து. "ஊசிப்போச்சு" என்று நான் எழுதினது அதற்கு எட்டவில்லை போலிருக்கிறது! மாமனார் வழியெல்லாம் வாந்தி எடுத்ததையும் சேர்த்துத் திருத்தி எழுதினேன். உடனே மன்னிப்பு, கூடவே ஒரு மெயில் முகவரி. பில்லைப் படம் எடுத்து அனுப்பினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று வந்தது, அதோடு சரி.

திரும்பி வரும்போது வேண்டுமென்றே அதே இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி மேனேஜரைப் பார்த்தேன். அவருக்கு ஒன்றுமே தெரியாது. எல்லாம் சென்னையில் பார்க்கிறார்கள், எங்களுக்கு ஸ்டார் குறைந்தால் மட்டும் மெயில் வரும் என்றார். இதுதான் விஷயம். ஏஜென்ட்டின் கணக்கில் என் புகாருக்குப் பதில் போட்டாகிவிட்டது, அந்தக் கணக்கைக் காட்டித்தான் உங்கள் நிருபரிடமும் பெருமையடித்திருப்பார்கள். சாம்பார் அண்டாவை யாரும் திறந்து பார்க்கவில்லை.

என் அண்ணன் தஞ்சாவூரில் ஒரு ஹோட்டலில் ரொம்ப காலம் சரக்கு மாஸ்டராக இருந்தவர். அங்கே முதலாளி காலையில் முதல் ஈடு இட்லியையும் சாம்பாரையும் தானே வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் கடை திறக்கும். பில் கொடுக்க வந்த யாராவது முகம் சுளித்தால் போதும், அண்ணனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கிழித்துவிடுவார். அண்ணன் அந்தக் கோபத்தை வீட்டுக்கு வந்து எங்கள்மேல் காட்டுவார், அது வேறு கதை. ஆனால் அந்த வாளி அடுத்த மேஜைக்குப் போகாது.

படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்போது இவர்கள் போடுகிற தலைவாழை இலைச் சாப்பாட்டுப் படங்களில் இலையின் நுனி வலதுபக்கம் இருக்கிறது. போட்டவருக்கும் தெரியவில்லை, பார்த்து ஓகே சொன்னவருக்கும் தெரியவில்லை, அல்லது பார்க்க ஆளே இல்லை. ஏஐ செய்த சாப்பாட்டுப் படங்களால் ஜனங்கள் ஏமாந்து புகார் கூடுகிறது என்று உணவு டெலிவரி செய்யும் ஸொமாட்டோவை நிறுவிய தீபிந்தர் கோயலே 2024 ஆகஸ்டில் சொல்லி, மெனுக்களிலிருந்து அவற்றை எடுக்கப்போவதாக அறிவித்தார். உங்களுக்குத் தெரியாததா? கட்டுரையில் அதற்கு இடம் இல்லாமல் போயிற்று. புரட்டாசி சனிக்கிழமை விடிகாலையில் நல்லி எலும்புப் படம் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் என் தங்கை வீட்டுக்குள் தண்ணீர் நின்றபோது, மழைக்கு இதமாகச் சூடான பஜ்ஜி என்று ஒரு கடையின் விளம்பரம் அவள் போனில் வந்தது. அது ஏஜென்ட் இல்லை, யாரோ முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிட்டு மறந்துபோனது, நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். மறந்தவனையாவது கூப்பிட்டுத் திட்டலாம்.

மனிதர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவது இன்று தொடங்கியதும் இல்லை. முதலில் மெனு அட்டையை எடுத்துவிட்டு கியூஆர் கோடு ஒட்டினார்கள், என் மாமனார் மாதிரி பட்டன் போன் வைத்திருப்பவர்கள் அடுத்த மேஜையைப் பார்த்து ஆர்டர் செய்யவேண்டியதுதான். அப்புறம் பில் போடப் போன் நம்பர். எதற்கு என்று கேட்டால் சிஸ்டம் கேட்கிறது மேடம். கொடுத்த அன்றிலிருந்து தினம் ஒரு ஆஃபர் மெசேஜ். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்த பிறகும் எனக்கு அப்படி ஒரு பில் வந்தது, நான் சண்டை போட்டுத்தான் எடுக்கவைத்தேன். தேங்காய்ச் சட்னி இரண்டாவது தடவை கேட்டால் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைத் தனிக் கடிதமாகவே எழுதலாம்.

ஏஜென்ட் தவறாகச் சொன்னால் யார் பொறுப்பு என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கனடாவில் பாட்டி இறந்துபோன ஒருவருக்கு, டிக்கெட் வாங்கிய பிறகும் துக்கச் சலுகைக் கட்டணத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட், அதாவது இணையதளத்தில் கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் புரோகிராம், தப்பாகச் சொல்லிவிட்டது. வழக்கு வந்தபோது, சாட்பாட் தன் பேச்சுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்று அந்த விமான நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இங்கே ஊசிப்போன சாம்பாருக்கு ஏஜென்ட் வந்து அன்புக்கு நன்றி சொன்னால் நான் எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போவது? அந்தக் கட்டுரை காசு வாங்கிப் போட்டதாக இருந்தால் மேலே "விளம்பரம்" என்று போட்டிருக்கலாம், நானும் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 2022 ஜனவரியிலிருந்து ஹோட்டல் பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை அச்சடித்தாக வேண்டும், அச்சடிக்கிறார்கள். அதற்குக் கீழே அந்தக் கிளை மேனேஜரின் போன் நம்பரையும், எடுத்துப் பேசுகிற நம்பராக, போடச் சொல்லி நீங்கள் ஒரு தலையங்கம் எழுதவேண்டும். இந்தக் கடிதத்தை எப்படியும் வெட்டித்தான் போடுவீர்கள், போன தடவை தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் வந்தது. வெட்டுவதானால் சட்னியை வெட்டுங்கள், போன் நம்பரை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர், திருச்சி