சாவி வாங்கி வைத்த சுண்டல் அக்காவுக்கு

நேற்றுப் பொங்கல். பால் பொங்கி வழிந்தபோது எங்கள் வீட்டுக்காரர் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். நிதானமாக. போன வருஷம் இதே நேரம் அவர் கண் கடிகாரத்தில் இருந்தது. 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கும், மறுநாள் திருவள்ளுவர் தினம் என்று கடை லீவு, அதனால் இரண்டு நாளைக்கும் சேர்த்து வாங்கிவிட வேண்டும் என்ற பரபரப்பு. இந்த வருஷம் கரும்பை வெட்டிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, திண்ணையிலேயே சாய்ந்து தூங்கிப்போனார். அவர் தூங்குகிறாரா, வேறு ஏதாவதா என்று மூன்று தடவை எட்டிப் பார்த்தேன். தூக்கம்தான். இன்றோடு 61 நாள்.

கார்த்திகையில் நடந்தது எங்கள் லைன் வீட்டில் இருப்பவர்களுக்கும், கம்பெனியில் அவரோடு வேலை செய்கிறவர்களுக்கும், சொந்தக்காரர்களுக்கும் தெரியும். திரும்ப ஒருமுறை சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் வெளியிடுகிறேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

முதலில் எல்லோரையும் மொத்தமாகக் கும்பிட்டுக்கொள்கிறேன். அந்த ராத்திரி அவரை நாலு பேராகப் பிடித்து 108 ஆம்புலன்ஸ் வரைக்கும் தூக்கி வந்த பக்கத்து வீட்டுத் தம்பிகள். சுவரெல்லாம் எறும்பு ஊருகிறது என்று அவர் அலறியபோது "மாலை போட்டும் சாமி குத்தம் ஆகிப்போச்சு" என்று ஊரே சொல்ல, "கடைசியா எப்பம்மா குடிச்சார்?" என்று முதன்முதலாகக் கேட்ட டூட்டி டாக்டர். ஏன் குடிக்கிறார் என்று கேட்காத ஆள் இல்லை. எப்போது நிறுத்தினார் என்று கேட்டது அவர் ஒருவர்தான். மூன்று நாள் ஆச்சு என்றேன். தினமும் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று எனக்குப் புரிகிற மாதிரி அவர்தான் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் வைட்டமின் பி1 ஊசி போட வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற நர்ஸம்மா. வார்டுக்கே வந்து, ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் மாலையைத் தன் கையாலேயே கழற்றி, "சாமி எங்கயும் போயிராது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொன்ன குருசாமி. இரண்டு மாசத்துக்கு வேறு ஆளை நிரந்தரமாக வைக்காமல் அவர் டேபிளைக் காலியாக விட்ட முதலாளி. அப்புறம், இரண்டு வருஷத்துக்கு முன்னால், பஸ் ஸ்டாண்டு சுவரில் பார்த்ததை நம்பி "அவருக்குத் தெரியாம குழம்புல கலந்து கொடுக்கற மாத்திரை" கேட்டுப் போன என்னை, "தெரியாம கொடுத்து அதுக்கு மேல அவர் குடிச்சா உயிருக்கே வினை, போங்கக்கா" என்று விரட்டிய மெடிக்கல் ஷாப் பையன். அன்றைக்கு அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

இந்த நன்றிகளை எல்லாம் நேரில் சொல்லிவிட்டேன், வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் சொல்லவே விடவில்லை. அவருக்காகத்தான் இது. அவருக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி ஏழாவது படிக்கிறாள், அவள் செல்லில் வாசித்துக் காட்டுவாள்.

எங்கள் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இந்தப் பெயரை வைத்தே திருப்பூரில் அவரைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. "மாஸ்டர் கட்டிங் போடப் போயிட்டாரு" என்பார்கள். கட்டிங்கில் ஆரம்பித்தது குவார்ட்டராகி, சனிக்கிழமை சம்பள நாளில் கணக்கில்லாமல் போனது. காலையில் கை நடுங்கும். துணியை அடுக்கி வெட்டுகிற மெஷினை நடுங்கும் கையால் பிடிப்பதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும். அதை நிறுத்தவும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டுதான் போவார்.

அந்த டாஸ்மாக் கடைக்கு வெளியே, ரோட்டோரம் ஒரு ஸ்டூல், ஒரு அண்டா, ஒரு சார்ஜர் லைட். அதுதான் சுண்டல் அக்காவின் வியாபாரம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். போன தை மாசம், பொங்கல் முடிந்த வாரம், பிள்ளையின் ஸ்கூல் பீஸ் பணம் போன கோபத்தில் நான் அங்கே போனேன். வீட்டுக்காரர் வெளியே இல்லை, கடைக்குள்ளே இருந்தார். உள்ளே போக எனக்குத் துணிச்சல் இல்லை. கிடைத்தது அக்காதான். "எங்க தாலியில சம்பாதிக்கற காசு உனக்குச் செரிக்குமா?" என்று கேட்டேன். இன்னும் கேவலமாகவும் கேட்டேன். சுற்றிலும் ஆம்பிளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அண்டாவைத் தட்டால் மூடினார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது, நான் அதைக் கவனிக்கவே இல்லை. ராத்திரி அவர் வரும்போது எக்ஸெல் வண்டியின் சத்தம் கேட்காது. காலையில் பார்த்தால் வண்டி வாசலில் நிற்கும். சாவி, கேட்டில் தொங்குகிற பால் பைக்குள் கிடக்கும். சத்தம் கேட்டால் நான் சண்டைக்கு வருவேன் என்று முக்கிலேயே இஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். முன்பு ஒருமுறை சாவியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்திருக்கிறேன், அதனால் எனக்குப் பயந்து பால் பையில் ஒளித்து வைக்கிறார் என்றும் நினைத்தேன். இன்னொன்று, வண்டியின் முன்னால் கால் வைக்கிற இடத்தில் தினமும் ஒரு வட்டக் கறை இருக்கும். ஓரத்தில் காய்ந்த கறிவேப்பிலை, இரண்டு மூன்று கடுகு, தேங்காய்த் துருவல். எறும்பு மொய்க்கும். "திங்கறதையும் ஒழுங்காத் திங்கத் தெரியல" என்று வைதுகொண்டே ஈரத்துணியால் துடைப்பேன். பத்து மாசம் துடைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அவர் நினைவு தப்பிக் கிடந்த அந்த இரண்டு நாளும் கை சும்மா இருக்கவில்லை. பெட்ஷீட்டை இழுத்து இழுத்து நேராக்குவார், வலது கையால் காற்றில் மெஷினைத் தள்ளுவார். துணியை அடுக்கி லே போட்டு வெட்டிக்கொண்டே இருந்தார். நடுநடுவே ஒரே பேச்சு: "சாவி குடுத்துட்டேன் அக்கா. குடுத்துட்டேன்." எந்த அக்கா, என்ன சாவி என்று எனக்குள் என்னென்னவோ ஓடியது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் தெளிந்த பிறகு கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். நான் போய்க் கத்திவிட்டு வந்த மறுநாள், அக்கா கையை நீட்டியிருக்கிறார். "சாவியக் குடுத்துப்போட்டு உள்ள போ கண்ணு. இல்லீன்னா இன்னைக்குச் சுண்டல் கிடையாது." இவர் விளையாட்டுக்குக் கொடுத்தாராம். மறுநாளும் கை நீண்டது. அப்புறம் பழகிவிட்டது.

10 மணிக்குக் கடை மூடியதும் இவர் நடந்து வருவார். ஒன்றரை கிலோமீட்டர். அக்கா எக்ஸெல்லின் ஹேண்டில் லாக்கை எடுத்து, காலி அண்டாவை முன்னால் வைத்து, பத்தடி பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வருவாராம். இவர் ரோட்டுப் பக்கம் சாய்ந்தால் பின்னால் இருந்து ஹாரன் அடிப்பாராம். எங்கள் சந்து முக்கில் நின்றுவிடுவார். இவர் உள்ளே போய்க் கதவு சாத்தின பிறகுதான் வண்டியை வாசலில் நிறுத்தி, சாவியைப் பால் பைக்குள் போட்டு, அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த லைனில் இருக்கிற தன் வீட்டுக்குப் போவார்.

அந்தக் கதவுக்குப் பின்னால் நான் போட்ட கூச்சல் அத்தனையும் அக்காவுக்குக் கேட்டிருக்கும். பத்து மாசம்.

டிஸ்சார்ஜ் ஆனதும் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அட போ அம்மிணி, எனக்கும் அண்டா சுமக்கற வேலை மிச்சம்" என்றார். அன்றைக்குப் பேசினதுக்கு மன்னிச்சுக்கங்க என்றேன். "எத்தனை பேரு வந்து திட்டறாங்க, எதைன்னு ஞாபகம் வெக்கறது? தள்ளி நில்லு, ஏவார நேரம்." ஒரு ஆள் பத்து ரூபாய் நீட்டினான், காகிதத்தைச் சுருட்டி அள்ளிப் போட்டார். என் பேச்சு அதோடு முடிந்தது.

அவர் ஏன் செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் அண்டா கதைதான் சொல்வார். எனக்குக் குழப்பமும் தீரவில்லை. 2023 ஜூனில் மாநிலம் முழுக்க 500 கடைகளை மூடினார்கள். எங்கள் பக்கத்துக் கடை அந்த லிஸ்டில் இல்லை என்று தெரிந்த அன்று நான் சாப்பிடவில்லை. அது மூட வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மூடினால் அக்காவின் பிழைப்பும் போகும். இரண்டும் ஒரே மனசில் கிடக்கிறது, கிடக்கட்டும்.

இத்தனை வருஷம் நான் செய்த வேலை வேறு. வாயை மோந்து பார்ப்பேன், பர்ஸைத் தடவுவேன், பாட்டிலைக் கண்டால் சாக்கடையில் ஊற்றுவேன், பிள்ளை தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்குவேன். எங்கம்மாவே "நீ நல்லாப் பாத்துக்கிட்டா அவர் ஏன் வெளிய போறார்" என்று கேட்டபோது, அதையும் நம்பினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆல்-அனான் கூட்டத்துக்குப் போகிறேன். அது குடிக்கிறவர்களுக்கான கூட்டம் இல்லை, எங்களைப் போன்ற வீட்டு ஆட்களுக்கு. 1951இல் அமெரிக்காவில் ஒரு குடிகாரரின் மனைவி தன்னைப் போன்ற இன்னொருத்தியோடு சேர்ந்து ஆரம்பித்ததாம். நம் சென்னையிலும் குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன்தான் 1980இல் குடிநோய்க்கென்றே ஒரு ஆஸ்பத்திரியைத் தொடங்கினார் என்று கவுன்சிலர் சொன்னார். கூட்டத்தில் ஒரு பேச்சு உண்டு: இதை நீ உண்டாக்கவில்லை, உன்னால் அடக்க முடியாது, உன்னால் குணமாக்கவும் முடியாது. முதல் நாள் அதைக் கேட்டபோது, அப்புறம் எதுக்குத்தான் இருக்கிறேன் என்று கோபம்தான் வந்தது. அப்போது அக்கா ஞாபகம் வந்தார். அக்கா அவரை ஒரு நாளும் குடிக்காதே என்று சொன்னதில்லையாம். குடித்த ஆள் வண்டி ஓட்டக் கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு. அவரால் முடிந்தது சாவி. அதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவட்டும். உங்கள் வீட்டில் தினமும் குடிக்கிறவர் இருந்தால், மாலை போட்டோ, சத்தியம் பண்ணியோ ஒரே நாளில் நிறுத்த விடாதீர்கள். டாக்டரிடம் காட்டிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண் இருக்கிறது. அந்தக் கார்த்திகை முதல் தேதி அவர் மாலை போட்டபோது ஊருக்கெல்லாம் பாயசம் கொடுத்தவள் நான்.

61 நாள் என்று எழுதிவிட்டேனே தவிர, 62 எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. வாயை மோந்து பார்க்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். நேற்று ராத்திரி ஒரு தடவை தவறினேன். கரும்பு வாசம் அடித்தது.

அக்கா, மாஸ்டர் இனி அந்தப் பக்கம் வர மாட்டார், வரவும் கூடாது. அதனால் இந்த இரண்டு மாசமாக நீங்கள் அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டுதான் நடந்து வருகிறீர்கள் என்று பேத்தி சொன்னாள். இன்றைக்குக் கடை லீவு. நாளை ராத்திரி 10 மணிக்கு எக்ஸெல்லைக் கொண்டு வருகிறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. உருட்டத் தெரியும்.